கேட்டோரத்து ஸ்டூல்

பச்சமுத்துவுக்கு வேதாசலம் முதலாளி செய்த நல்லதை எண்பத்திரண்டாம் வருஷத்து உத்திரமேரூரில் வேறு எந்த முதலாளி செய்திருப்பார்? நெல் மூட்டையோடு மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தவனைத் தன் காரிலேயே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் ரைஸ்மில் கேட்டில் ஒரு ஸ்டூல் போட்டு, "இனிமே மூட்டையத் தொடக் கூடாது. வர்ற வண்டியப் பாத்துக்கினு குந்து, போதும். கூலி கொறையாது" என்றார். உப்பு குறைத்த சாப்பாடு அவர் வீட்டிலிருந்தே வந்தது. தங்கமான மனுஷன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"அதிர்ச்சி ஆகாது" என்று டாக்டர் சொன்னதை முதலாளி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பா ஒரு சாவு சேதியைக் கேட்ட இடத்திலேயே மாரடைத்து விழுந்தவர். அந்தப் பயம் அவருக்கு. ஆட்களைக் களத்தில் கூட்டி, "அவன்கிட்ட யாரும் வாய் குடுக்காதீங்க. கேலி, சண்டை, கெட்ட சேதி ஒண்ணும் அவன் காதுல வுழக் கூடாது" என்று கண்டிஷனாகச் சொல்லிவிட்டார்.

எல்லோரும் பிரியமாகவே கேட்டு நடந்தார்கள், பாவிகள். நெல் காய வைக்கும் பாஞ்சாலி முன்பெல்லாம் அவனை வாய்க்கு வந்தபடி ஏசுவாள், இப்போது "நல்லா கீறியாண்ணா?" என்று விசாரித்துவிட்டு நழுவினாள். களத்தில் சிரிப்புச் சத்தம் எழும். இவன் எட்டிப் பார்த்தால் அடங்கிவிடும். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த வீட்டிலும் பேச்சுக்கு ஆளில்லை. எல்லப்பன் ஒருத்தன்தான் டீ குடிக்கிற சாக்கில் வந்து, "இன்னாடா ஜமீன்தாரு, ஜோரா குந்திக்கினு கீற!" என்று வம்பிழுப்பான். மீசை முளைத்த காலத்திலிருந்து ஒரே மூட்டையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கியவர்கள். அந்த ஒரு வம்புக்காகப் பச்சமுத்து காலையிலிருந்தே காத்திருப்பான்.

அப்புறம் அவனும் வரவில்லை. "காஞ்சிபுரத்தாண்ட ஓரிக்கையில மவ வூட்டுக்குப் போய்க்கீறான்" என்றாள் பாஞ்சாலி. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்று பச்சமுத்துவுக்குக் கோபமான கோபம். வரட்டும், முகம் கொடுத்துப் பேசக் கூடாது என்று கருவிக்கொண்டு குந்தியிருந்தான்.

ஒருநாள் காலை எல்லப்பனின் மகன் முத்துவேல் மொட்டைத் தலையோடு கேட்டுக்குள் நுழைந்தான்.

"இன்னாடா, திருப்பதியா?"

"ஆமா சித்தப்பா."

"உங்கப்பனும் வந்தானா? லட்டு எங்கடா?"

முத்துவேல் உதட்டைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டான்.

முதலாளி மாத்திரையும் தண்ணீருமாக ஓடிவந்தார். பச்சமுத்து அதைத் தள்ளிவிட்டான்.

"எப்ப மொதலாளி?"

"மஞ்சக்காமாலை. பதினாறாம் நாள் காரியம்கூட முடிஞ்சிடிச்சி. மோளச் சத்தம் ஒனக்குக் கேக்கக் கூடாதுன்னு ஏரிக்கரை மேல தூக்கிக்கினு போவச் சொன்னேன். ஒன் நல்லதுக்குத்தான்டா..."

"அவன் கடசியா இன்னா சொன்னான்?"

முத்துவேல்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஒன்னத்தான் சித்தப்பா, கூப்புட்டுக்கினே இருந்தாரு. நீ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கீற, வர முடியாதுன்னு சொல்லிட்டோம்."

நெஞ்சு ஒன்றும் நிற்கவில்லை. எல்லோரும் பயந்தது நடந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பச்சமுத்துவுக்கு.

"நான் இங்கதானடா இருந்தேன்" என்றான். "சும்மாதான்டா குந்திக்கினு இருந்தேன்."