கன்னத்துத் தழும்பும் என் நல்ல பெயரும்

சமையலறை மேல் அலமாரியின் கதவைத் திறந்து போட்டவன் நான்தான். காப்பிப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு மூடாமல் வந்துவிட்டேன். அடுப்பிலிருந்து சட்டென்று திரும்பிய என் மனைவிக்குக் கதவின் முனை இடது கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. ஐந்து தையல்.

பாலிகஞ்ச் ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டரம்மா முதலில் என்னைத்தான் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். கதவைச் சாத்திவிட்டு அவளிடம் என்ன கேட்டிருப்பார் என்பது எனக்குப் புரியவே பத்து நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷத்தில் கத்தியிருக்கிறேன், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன். கை ஓங்கியதில்லை.

அதன்பிறகு கண்ட இடத்திலெல்லாம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். லிஃப்டில் காகிமா என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி மாமியிடம், அலிப்பூரில் அலுவலகத்தில், கேட்காதவர்களிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இறுகிக்கொண்டே போனது. என் மனைவியும் "கதவு இடிச்சிடுச்சு" என்றுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போதெல்லாம் என்னை ஒரு முறை முறைப்பாள், கதவைத் திறந்து போட்டவன் நானல்லவா? பார்ப்பவர்கள் அந்த முறைப்பை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். வெறுத்துப்போய்விட்டது.

தழும்பே விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி என்று முடிவு செய்தேன். காயம் என்றால் பவுடர் போட்டு உலர விடவேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். டாக்டரம்மா நேர்மாறாகச் சொன்னார். மெதுவாகக் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவி ஈரப்பதம் போகாமல் வைக்கவேண்டும், பொருக்கைப் பிய்க்கவே கூடாது. தையல் பிரித்துக் காயம் முழுக்க மூடிய பிறகு சிலிகான் ஜெல், தினம் இரண்டு வேளை, மாதக்கணக்கில். வெயில் பட்டால் கறுத்துப்போகும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வீட்டில் அமல்படுத்தினேன்.

அவள் ஒத்துழைத்தால்தானே? ஜெல் காய்வதற்குள் முகத்தைத் துடைப்பாள். குடையை வாசலிலேயே விட்டுவிட்டு நடுமத்தியானம் காளிகாட் கடைகளுக்குப் போவாள். நான் ட்யூபைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் அலைந்தேன். இரண்டு மாதத்தில் கோடு மங்குவதற்குப் பதில் சிவந்து லேசாகத் தடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அதை நகத்தால் சொறிந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் கத்திவிட்டேன்.

"சொறியாதேன்னு எத்தனை தடவை சொல்றது? தடிச்சுப் போகும்!"

"அரிக்குதுங்க. தடிச்சா தடிச்சுட்டுப் போகுது, என் மூஞ்சிதானே?"

"பாக்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

வாயை விட்டபிறகுதான் உறைத்தது. அவள் கையை இறக்கினாள்.

"அதுக்குத்தானா இவ்வளவும்? வலிக்குதான்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள முடியாமல் இன்னும் உரக்கக் கத்தினேன்.

எங்கள் வீட்டில் எட்டு வருஷமாக வேலை செய்யும் மாஷி அப்போது தரை துடைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தாதா என்றும் அவளைப் பௌதி என்றும் கூப்பிடுவார், அண்ணன், அண்ணி என்று அர்த்தம். அவருக்குத் தமிழ் தெரியாது, என் கத்தல் மட்டும் கேட்டிருக்கிறது. துணியைப் போட்டுவிட்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வங்காளியில் சொன்னார்: "பௌதி, பயமா இருந்தா எந்நேரமானாலும் என் வீட்டுக்கு வந்துடுங்க."

அவள் சிரித்துவிட்டாள். "ஐயோ மாஷி, இது நிஜமாவே கதவு இடிச்சது."

"நானும் அப்போ எல்லார்கிட்டயும் கதவுன்னுதான் சொன்னேன்" என்று மாஷி தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் தடித்த வெள்ளைத் தழும்பு.

என் மனைவியின் சிரிப்பு நின்றது. அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், அலமாரிக் கதவைத் திறந்து அதன் முனை தன் கன்னத்துக்கு நேராக வருவதைக் காட்டினாள். மாஷி கதவைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், பிறகு வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கையிலிருந்த ட்யூபைக் காட்டிக் கேட்டார்.

"தாதா, பழைய தழும்புக்கு இது கேட்குமா? பதினேழு வருஷம் ஆச்சு."

எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே. "பெரிசா கேட்காது மாஷி. புதுசா இருக்கும்போதே பூசியிருக்கணும்" என்றேன்.

"புதுசா இருக்கும்போது என்னை யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டுத் தரை துடைக்கப் போய்விட்டார்.

எட்டு வருஷமாகத் தினமும் அந்தப் புருவத்தைப் பார்க்கிறேன். நானும் கேட்டதில்லை.