நாற்பத்தேழாம் மனையும் யான்தினாவின் கேரவனும்

ஹார்ம் அவர்களின் கேரவனுக்கு, அதாவது காரில் மாட்டி இழுத்துப் போகும் வீட்டுவண்டிக்கு, இரண்டு சக்கரங்கள் உண்டு என்று, வாங்கிய காலத்துத் தாளில் எழுதியிருக்கிறது. கண்ணால் பார்த்தவர் இப்போது யாருமில்லை. பத்தொன்பது வருடங்களாக அவை பலகைகளுக்குப் பின்னால் இருக்கின்றன, பலகைகள் வேலிச்செடிக்குப் பின்னால் இருக்கின்றன. வாசலில் தபால் பெட்டி. பக்கத்தில் சிவப்புத் தொப்பி வைத்த இரண்டு குள்ளர் பொம்மைகள். எம்மென் நகரத்து வீட்டிலிருந்து அந்தக் கேரவன் தோப்புக்குப் பதினோரு கிலோமீட்டர் தூரம். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஹார்மும் அவர் மனைவி ஹில்லியும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு அங்கே ஊர்சுற்றப் போவார்கள். போய், செப்டம்பர் வரை உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட கண்ணியமான குடும்பத்தில்தான் ஹில்லியின் அக்கா யான்தினா, உருளக்கூடிய கேரவன் ஒன்றை வாங்கலாமா என்று யோசித்தாள்.

அவளுக்கு வயது அறுபத்திரண்டு. இருபத்தேழு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள். மூன்றாம் எண் தடம்: ரயில் நிலையத்தில் கிளம்பி, மருத்துவமனை வழியாகக் கால்வாய்ப் பாலம் வரை. பாலத்துக்கு முன்னால் ஒரு வட்டம் அடித்து, மறுபடி ரயில் நிலையம். ஒரு நாளைக்குப் பதினோரு தடவை பாலத்தைப் பார்த்தாள், ஒரு தடவைகூடக் கடக்கவில்லை. கணவர் பதினான்கு வருடங்களுக்கு முன்பு நடன வகுப்புக்குப் போனவர், வகுப்பு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. மார்ச் மாதம் அவள் ஓய்வு பெற்றபோது கம்பெனியில் ஒரு பூங்கொத்தும், மூன்றாம் எண் தடத்தின் வரைபடத்தைச் சட்டம் போட்டும் கொடுத்தார்கள். மறந்துபோய்விடுவாள் என்று பயந்திருக்க வேண்டும்.

கேரவன் ஃபிரீஸ்லாந்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில் நின்றது. மூன்றரை மீட்டர் நீளம், முட்டை வடிவம், முப்பது வயது. அவளுடைய சின்னக் காரே இழுத்துவிடும் எடை. அவள் ஒவ்வொரு ஜன்னலின் கீழும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஈரம் ஏறியிருந்தால் மரம் ரொட்டி மாதிரி உள்ளே போகும். எங்கேயும் போகவில்லை. விற்கிறவர் வீத்சே என்ற பால் பண்ணைக்காரர், வார்த்தைகளைச் சொந்தக் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் போலப் பேசுவார்.

"சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் வச்சிருப்பேன். அஞ்சேகாலுக்கு ஒரு ஜெர்மன்காரர் வர்றார்."

அந்தச் சனிக்கிழமைதான் யான்தினாவின் பிறந்தநாள்.

பிறந்தநாள் என்றால் வட்டம். அவள் வீட்டு வரவேற்பறையில் பதினொரு நாற்காலிகள், முதுகைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு. மூன்று மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வருகிற ஒவ்வொருவரும் வட்டம் முழுக்கச் சுற்றி எல்லாருக்கும் கை கொடுத்தார்கள். ஹில்லிக்கு "அக்காவுக்கு வாழ்த்துகள்", ஹார்முக்கு "மைத்துனிக்கு வாழ்த்துகள்", பக்கத்து வீட்டுக்காரருக்கு "பக்கத்து வீட்டம்மாவுக்கு வாழ்த்துகள்". பிறந்தது ஒருத்தி, பெருமை பதினொரு பேருக்கு. காபி வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு கேக் வந்தது. அப்புறம் வட்டம் தன் வேலையைத் தொடங்கியது. இந்த ஊரில் ஒருவர் என்ன செய்யக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் நகரசபைக்குக் கூடக் கிடையாது, பிறந்தநாள் வட்டத்துக்குத்தான் உண்டு.

"மூணரை மீட்டராமே?" ஹார்ம் ஆரம்பித்து வைத்தார். "அது கேரவன் இல்ல யான்தினா. ரொட்டி டப்பா."

"ரொட்டிக்கு என்ன குறைச்சல்?" என்றாள் யான்தினா.

"கக்கூஸ் கிடையாதாம்," என்றான் அவள் மகன் யெல்மெர். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. உலகத்தில் இருக்கிற எல்லாப் பொருளையும் அது எப்படி உடையும் என்ற கோணத்தில் பார்க்கப் பழகியவன். "ராத்திரி மழை பெய்யும். என்னம்மா பண்ணுவ?"

"நனைவேன்."

"கொக்கி கழண்டுச்சுன்னா?"

"நின்னு மாட்டுவேன்."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் ஹார்ம். நிதானமாக முன்னால் குனிந்தார், கேக் தட்டை முழங்காலில் வைத்தார். சட்ட வல்லுநர்கள் கடைசிக் கேள்வியை இப்படித்தான் கேட்பார்கள். "பின்னால எடுக்கத் தெரியுமா உனக்கு? கேரவனைப் பின்னால எடுக்குறது எல்லாருக்கும் வர்ற காரியம் இல்ல."

இதைக் கேட்டவர் தன்னுடைய கேரவனைக் கடைசியாக அசைத்தபோது யெல்மெர் மூன்றாம் வகுப்பில் இருந்தான்.

"பன்னண்டு மீட்டர் பஸ்ஸை இருபத்தேழு வருஷம் டிப்போக்குள்ள பின்னாலயே எடுத்து நிறுத்தியிருக்கேன், ஹார்ம். ஒரு கண்ணாடி உடைஞ்சதில்ல. நீ போன மாசம் சூப்பர் மார்க்கெட்ல தள்ளுவண்டியைக் கொண்டுபோய் முட்டைல மோதினியே, அந்தக் கதைய முதல்ல சொல்லு."

பக்கத்து வீட்டுக்காரருக்குக் காபி புரை ஏறியது.

அப்போதுதான் ஹில்லி உறையை எடுத்தாள். எல்லாரும் சேர்ந்து கொடுக்கும் பரிசு என்றாள். பிரித்தால், கேரவன் தோப்பில் நாற்பத்தேழாம் மனைக்கு ஒரு வருட வாடகை கட்டிய சீட்டு. ஹார்ம்-ஹில்லியின் நாற்பத்தாறாம் மனைக்கு அடுத்தது. அங்கே இருந்த தம்பதி முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்கள். பெரிய கேரவன் அப்படியே இருக்கிறது, திரைச்சீலைகள்கூட. வேண்டுமென்றால் மலிவாகத் தருவார்கள்.

"நடுவுல இருக்கிற வேலியில ஒரு வழி வெட்டிரலாம்," என்றார் ஹார்ம். "காபிக்கு வர்றதுக்கு சுத்திக்கிட்டு வர வேணாம் பாரு."

யான்தினா நன்றி சொன்னாள். குரல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஹில்லி விடவில்லை. தங்கைகளுக்கு எந்த இடத்தில் அழுத்தினால் விரல் உள்ளே போகும் என்று தெரியும்.

"அந்த டப்பாவை இழுத்துக்கிட்டுத் தனியா போய் என்னத்தடி பாக்கப் போற? பாத்துட்டு யார்கிட்ட சொல்லுவ?"

மணி நான்கு நாற்பது. யான்தினா எழுந்து கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

அங்கே, எல்லா வீட்டிலும் இருப்பதுபோல, உட்கார்ந்தால் கண்ணெதிரே பிறந்தநாள் நாட்காட்டி தொங்கியது. வருடம் எதுவும் இல்லாத நாட்காட்டி, கிழமையும் கிடையாது, பெயர்கள் மட்டும். முப்பத்தெட்டு பெயர்கள். முப்பத்தெட்டு வட்டங்கள். யான்தினா மாதங்களைப் புரட்டினாள். வருடத்தில் யாரும் பிறக்காத மிக நீண்ட இடைவெளி அக்டோபர் இருபத்தெட்டுக்கும் நவம்பர் பதினாறுக்கும் நடுவே கிடந்தது. வானத்திலிருந்து சேறு விழுகிற காலம். இந்தக் குடும்பம் அவளுக்கு ஒதுக்கிய சுதந்திரம் அவ்வளவுதான்.

ஆனாலும் ஹில்லியின் கேள்வி தாழ் போட்ட கதவையும் தாண்டி உள்ளே வந்து நின்றது. யாரிடம் சொல்லுவாய்?

பேருந்தில் அவள் இருக்கைக்கு மேலே ஒரு பலகை உண்டு: ஓட்டுநரிடம் பேசாதீர்கள். ஜனங்கள் அதை மதித்தார்கள். பாலத்தருகே காலையில் ஒரு நாரை நிற்கும். பனிக்காலத்தில் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி நிற்கும். இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ காலை. அவள் அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததால் நாரை ஒரு அங்குலம்கூடக் குறைந்துபோகவில்லை.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு அவள் கைபேசியை எடுத்தாள்.

இந்த வீடுகளின் கழிப்பறைக் கதவு காற்றை மட்டுமே தடுக்கும். பதினொரு நாற்காலிகளும் தெளிவாகக் கேட்டன:

"வீத்சே, நான் யான்தினா. ஜெர்மன்காரரை வர வேணாம்னு சொல்லிரு."

வீத்சே கேட்டது நாற்காலிகளுக்கு எட்டவில்லை.

"ஆமா, யோசிச்சாச்சு. இல்ல, வீட்ல யாரையும் கேக்கல. அவங்களா சொன்னாங்க."

தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. யான்தினா கையில் நாட்காட்டி இருந்தது, ஆணியோடு பிடுங்கியிருந்தாள். அதைக் கொண்டுவந்து ஹில்லியின் மடியில் வைத்தாள்.

"இது இனிமே உன் வீட்ல இருக்கட்டும். என் பேரு மே மாசத்துல இருக்கு. நான் இல்லன்னாலும் நாற்காலி போட்டு ஒருத்தருக்கொருத்தர் வாழ்த்துச் சொல்லிக்கோங்க. எப்படியும் அதைத்தான பண்றீங்க?"

"பைத்தியமாடி உனக்கு?"

"இருக்கலாம். பியர் யாருக்கு வேணும்?"

எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த முட்டை வடிவ வண்டி கேரவன் தோப்புக்குள் நுழைந்தது. பெரிய கேரவனை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள், நாற்பத்தேழாம் மனை வெறும் புல்லாக இருந்தது. பரிசாக வந்த மனையை ஒரு தடவையாவது மிதிக்க வேண்டும் அல்லவா? தோப்பு மொத்தமும் மடக்கு நாற்காலிகளோடு வெளியே வந்து உட்கார்ந்தது. ஒருவர் பின்னால் எடுப்பதை மற்றவர்கள் பார்ப்பதுதான் இங்கே நாடகம், திருவிழா எல்லாம். ஹார்ம் புல்வெளி நடுவே நின்று, விமானம் இறக்குகிறவர்போல இரண்டு கைகளையும் ஆட்டினார். "வலது! வலது! இல்ல, என் வலது!"

யான்தினா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். ஒரே தடவை. இரண்டு வேலிகளுக்கு நடுவே, பக்கத்துக்கு ஒரு சாண் இடம் விட்டு, முட்டை போய் உட்கார்ந்தது. நாற்காலிகள் பக்கம் யாரும் கை தட்டவில்லை. ஒரு நல்ல விபத்தை எதிர்பார்த்து வந்தவர்களின் மனவருத்தம் அது.

ஹார்ம் தோல்வியில் துவளுகிறவர் அல்ல. பலகைகளும், மட்டம் பார்க்கும் ரசமட்டமும் கொண்டுவந்தார். நாற்பது நிமிடம் மண்டியிட்டு, ஒரு சக்கரத்துக்கு அடியில் பலகை செருகி, உருவி, மறுபடி செருகினார். கடைசியில் பலகை மேல் ரசமட்டத்தை வைத்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். குமிழி இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவே நின்றது.

"பாரு," என்றார், கிட்டத்தட்ட கண் கலங்கி. "இனிமே இதை அசைக்கவே கூடாது."

"அழகா இருக்கு, ஹார்ம்," என்றாள் யான்தினா. மனதாரத்தான் சொன்னாள். காபியைக் குடித்து முடித்தாள், கோப்பையைக் கழுவி ஹில்லியிடம் கொடுத்தாள், காரைக் கொண்டுவந்து கொக்கியை மாட்டினாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"அங்க என்ன இருக்கு?"

"அதான் தெரியல."

முட்டை பலகையிலிருந்து மெல்ல இறங்கி, குள்ளர் பொம்மைகளைக் கடந்து, வாசல் வழியாக வெளியே போனது. ஹார்ம் புல்லில் மண்டியிட்டபடியே, பலகை மேலிருந்த ரசமட்டத்தைப் பார்த்தார். குமிழி இன்னும் நட்டநடுவேதான் இருந்தது.