பாதிரியார் சொல்லாத புத்தகம்

வேலூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது எனக்குக் கிரேக்கம் கற்றுக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். பைபிளை நான் மூலமொழியில் படிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஆம்பூர்த் தோல் மண்டிக் குடும்பத்து முஸ்லிமான எனக்கோ, அவர் அலமாரியில் இருந்த கிரேக்கப் புராணக் கைநூல் ஒன்றின்மேல்தான் பித்துப் பிடித்தது.

பழங்காலத்தில் யாரோ தொகுத்த நூல் அது. ஒவ்வொரு கதைக்கும் 'இன்ன கவி இப்படிச் சொல்கிறார்' என்று ஆதாரம் காட்டும். அந்தக் கவிகளின் நூல்களில் அழியாமல் நின்றவற்றைப் புரட்டிப் பார்த்தேன். சில இடங்களில் அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. வேறொரு பழைய உரையிலும் அதே தப்பு, அதே வார்த்தைகளில் இருந்தது. அப்படியானால் தொகுத்தவர், உரைகாரர் இருவருமே கவிகளைப் படிக்கவில்லை; தொலைந்துபோன ஏதோ ஒரு தொகுப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்! அன்று சாயங்காலம் பாலாற்று மணலில் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

அதை நிரூபிப்பதிலேயே என் வாலிபம் போயிற்று. ஆம்பூருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் பிடித்துக்கொள்வார்.

"செத்துப்போன சாமிங்க கதைய எவன் எங்கருந்து எடுத்தா உனுக்கு இன்னாடா? கண்ணு கெட்டதுதான் மிச்சம். பேசாம மண்டிக்கு வந்துடு."

நான் கேட்கவில்லை. கட்டுரையை முடித்து, சீமைப் பத்திரிகைக்கு அனுப்பித் தரும்படி பாதிரியாரிடம் கொடுத்தேன். மறுவாரம் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் ஒரு தடித்த ஜெர்மன் புத்தகம் இருந்தது. எனக்கு ஜெர்மன் தெரியாது.

"நீர் எழுதியது அனைத்தும் சரி. ஆனால் நீர் பிறப்பதற்கு முன்பே இதில் நிரூபித்துவிட்டார்கள்" என்றார், தம் ஏட்டுத் தமிழில்.

"உங்களுக்கு எப்போ தெரியும், அய்யா?"

"ஆரம்பம் முதலே."

"ஏன் சொல்லல?"

"சொன்னால் விட்டுவிடுவீர். இந்த வேலை இருக்கும்வரை என் வீட்டுக்கு வருவீர் அல்லவா? என்றாவது கர்த்தர் உம்மோடு பேசுவார் என்று ஜெபித்துக் காத்திருந்தேன்."

அவர் குரலில் துளி வஞ்சகமில்லை. திட்டுவதற்குக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை அவர்.

வாத்தியார் வேலையை விட்டேன். அண்ணன் மண்டியில், தோல் நாற்றத்துக்கு நடுவில், வெளிநாட்டு வியாபாரிகளுக்கு இங்கிலீஷ் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கிரேக்கப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

சில வருஷம் கழித்துப் பாதிரியார் சொந்த ஊருக்குத் திரும்பினார். வழியனுப்புக் கூட்டத்துக்கு ஆளனுப்பி என்னையும் அழைத்திருந்தார். "இந்த ஊரில் ஒரு முகமதியருக்கு நான் கிரேக்கம் கற்பித்தேன்" என்று பேசி, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். கூட்டம் கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது.