பொம்மை என்று எழுதிய சூடாமணி

நீச்சல் கண்ணாடியை இன்னும் கீழே வைக்கவில்லை சூடாமணி. ரப்பர் பட்டையை இழுத்துப் பார்த்தாயிற்று, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாயிற்று, முகர்ந்தும் பார்த்தாயிற்று. பெட்டிக்குச் சொந்தக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே நிற்கிறார். "நீ எங்கே போய்ச் சேரப் போறே?" என்கிறார் சூடாமணி. கேள்வி அவருக்கு அல்ல, கண்ணாடிக்கு.

கடற்கரையை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் சுங்க மதிப்பீட்டாளர் வேலை. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் எதற்கும் தடித்த புத்தகம் ஒன்றில் ஓர் எண் உண்டு. எண்ணைப் பொறுத்து வரி. ஊசிக்கும் உண்டு, உலக்கைக்கும் உண்டு. எதற்கு எந்த எண் என்று சொல்வதுதான் உத்தியோகம். மற்ற அதிகாரிகள் பொருளைப் பார்த்தவுடன் புத்தகத்தைப் புரட்டுவார்கள். சூடாமணி பொருளைப் பார்த்தவுடன் கனாக் காண ஆரம்பித்துவிடுவார். இந்தக் கண்ணாடி வர்க்கலையில் ஒரு வீட்டுக் குளத்தில் இறங்குகிறது. போட்டிருக்கும் சிறுமிக்குப் பாசியும் மீனும் முதல்முறையாகத் தெளிவாகத் தெரிகின்றன. அவள் நீந்தவே இல்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "நீந்தறதுக்கு இல்லை, பாக்கறதுக்காக்கும்" என்று சொல்லி, விளையாட்டுச் சாமான் என்று அறிவித்து வந்ததை மூக்குக் கண்ணாடிகளின் இனத்தில், 9004இல் கொண்டுபோய்ச் சேர்த்தார். புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. அதுதான் ஆச்சரியம்; சுற்றி வளைத்துப் போனாலும் சரியான வாசலில்தான் போய் நிற்பார்.

வலியசாலையிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் குடை 6601, மடியிலிருக்கும் தோல்பை 4202 என்று மனத்துக்குள் எண் வைத்துக்கொண்டே வந்து, மாதத்தில் இரண்டு நாளாவது இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுவார். கண்டக்டருக்கே பழகிவிட்டது. "மாமி, ஸ்தலம் எத்தி" என்று, இடம் வந்துவிட்டதைத் தோளுக்கு மேலாகக் குரல் கொடுத்துச் சொல்வார்.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஒற்றைக் கையுறைதான் வரும் என்பது தெரியாமல், முதன்முதலில் ஐம்பது இடது கையுறைகள் வந்தபோது, விட்டுப்போன ஐம்பது வலது கைகளை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு தடவை, கால்பந்துக்காரர்களுக்கு என்று சொல்லி முழங்கால் உறைகள் வந்தன. தடவிப் பார்த்தார். "இது ஓடற முட்டி இல்லையாக்கும். நாள் பூரா மண்டி போடற முட்டி" என்றார். விசாரித்தால், தரைக்கு ஓடு பதிக்கும் கொத்தனார்களுக்கு வாங்கியவை. அன்றிலிருந்து அவர் எழுதியதற்கு மறுபேச்சு இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குறிப்பைக்கூட அவர் அடித்துத் திருத்தியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

இரண்டாயிரத்து மூன்று ஜூனில் அந்தப் பெருமைக்குச் சோதனை வந்தது.

ஜெர்மனியிலிருந்து ஒரு பெட்டி. உள்ளே இருபது துணிப்பைகள். ஒவ்வொரு பையிலும் மணி வைத்த நீல ரப்பர் பந்து ஒன்று, கறுப்புக் கண்மூடி இரண்டு, முழங்கைக்குப் பஞ்சுக் கவசம் ஒரு ஜோடி. 'விளையாட்டுத் துணைப்பொருள் தொகுதி' என்று அறிவித்திருந்தார்கள். தொகுதி என்றால் சுங்கத்தில் ஒரு நியாயம் உண்டு: ஒரே காரியத்துக்காகச் சேர்த்துக் கட்டிய சாமான்களில் எதில் உயிர் இருக்கிறதோ, அதன் எண்தான் மற்றவற்றுக்கும்.

எதையும் இரண்டு கையாலும் ஏந்திப் பார்ப்பது சூடாமணியின் வழக்கம். அன்று காலை தோசைக்கல்லில் இடது உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு துணி சுற்றி வந்திருந்தார். அதனால் சுமைப் பணியாளர் வன்னியபெருமாள்தான் பந்தைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினார். உள்ளே மணிகள் கலகலத்தன. அவ்வளவுதான், கனவு புறப்பட்டுவிட்டது. வித்துராவில் மழை பெய்யும் ஒரு மதியம். தவழும் குழந்தை. பந்து உருள, சத்தத்தின் பின்னே அது போகிறது. முழங்கை தேயாமல் இருக்கக் கவசம். ஆட்டம் முடிந்தால் தூங்க வேண்டாமா, அதற்குக் கண்மூடி. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கவசத்தின் அளவைப் பார்த்திருக்கலாம். கனவு அளவு பார்ப்பதில்லை. 'பொம்மை, 9503' என்று மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள், புதன்கிழமை, பார்வையற்ற பெண்களின் விடுதி ஒன்றிலிருந்து உடற்பயிற்சி ஆசிரியர் சத்தியநேசன் ஓடி வந்தார். கூடவே அஜிதா, பதினேழு வயது, அவர் சட்டையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு.

"மேடம், இது பொம்மையில்ல, கேட்டியளா. எங்க பிள்ளைய வெளையாடுத பந்தாக்கும். இந்தப் பக்கம் மூணு பேரு, அந்தப் பக்கம் மூணு பேரு. மணிச் சத்தத்தக் கேட்டு, தரையில விழுந்து தடுக்கணும்" என்றார் சத்தியநேசன். "ஞாயித்துக்கிழம பெங்களூர்ல முத ஆட்டம். வெள்ளிக்கிழம தம்பானூர்ல ரயிலு. இதுவர பிளாஸ்டிக் கவர்ல பந்தச் சுத்தி, அது சரசரங்குத சத்தத்த வச்சில்லா பழகுனோம்."

பொம்மை என்று குறிப்பு நின்றால் அறிவிப்பு தப்பு என்று ஆகும். நோட்டீஸ், விசாரணை, அபராதம் என்று பெட்டி மழைக்காலம் முழுவதும் கிடங்கில் கிடக்கும். ஆறு பெண்கள் ரயிலேற மாட்டார்கள்.

உதவி ஆணையர் கேசவ் வந்தார். சூடாமணியைவிடப் பதினைந்து வயது இளையவர், மேலதிகாரி. தமிழ் வீட்டில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவர். "கண்ணு காணாத குட்டிகளுக்குக் கண்ணை மூடறதுக்கு எதுக்கு மாஸ்க், மாஷே? ஒரு லாஜிக் வேண்டே?" என்று ஆசிரியரைக் கேட்டார்.

சத்தியநேசன் வாயைத் திறப்பதற்குள் அஜிதா முந்திக்கொண்டாள். "எனக்கு நெழலு காணும் சார். வெளிச்சமும் கொஞ்சம் காணும். கௌசல்யாவுக்கு ஒண்ணுமே காணாது. மாஸ்க் கெட்டுனா நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு. கெட்டலேன்னா நான் அவள ஏமாத்துன மாதிரியில்லா?"

சூடாமணி பந்தைத் தன் கையில் கொடுக்கச் சொன்னார். துணி சுற்றிய கையோடு வாங்கியவர், கனம் தாங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டார். ஒன்றேகால் கிலோ இருக்கும். எந்தக் குழந்தை இதை உருட்டும்? வெட்கமாக இருந்தது அவருக்கு. காது மடல்கூடச் சிவந்துவிட்டது. கையில் வாங்காமல் எழுதிவிட்டோமே என்று ஆற்றாமையாக இருந்தது.

கேசவ் குரலைத் தாழ்த்தினார். "மேடம், எழுதியது எழுதியதாக்கும். இப்போ வெட்டினா ஆடிட்காரன் விடுவானா? உங்க ப்ரமோஷன் ஃபைல் கொச்சியில மேசை மேல இருக்கு. அவங்க அப்பீல் போகட்டும், ரெண்டு மாசத்துல சரியாயிடும்."

"ரெண்டு மாசம் கழிச்சு அந்த ரயில் நிக்குமா?" என்றார் சூடாமணி.

"என்கிட்ட கேட்டா நான் என்ன செய்யறது? பொம்மை இல்லேன்னு உங்களுக்கே நிச்சயமா?"

சூடாமணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். "கட்டி விடும்மா" என்று அஜிதாவை அழைத்தார். அஜிதா தடவித் தடவி, கொண்டைக்கு மேலாகப் பட்டையை இழுத்து, கண்மூடியை மூக்கு வரை இறக்கி, ஓரங்களை விரலால் அமுக்கிச் சரிபார்த்தாள். கிடங்கில் சுமை தூக்குகிறவர்கள் அப்படியே நின்றார்கள். வன்னியபெருமாள் போய் மின்விசிறியை நிறுத்தினார். சத்தியநேசன் அஜிதாவைப் பத்தடி தள்ளி நிறுத்திப் பந்தைக் கொடுத்தார்.

"மேடம், வருது" என்றாள் அஜிதா.

முதல் பந்து வலப்புறமாகப் போய்ச் சுவரில் இடித்தது. சூடாமணி இடப்புறம் கை நீட்டியிருந்தார். யாரோ சிரித்து அடக்கினார்கள். "இன்னொண்ணு" என்றார். இரண்டாவது முறை தலையைச் சாய்த்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார். எதைத் தொட்டாலும் எங்கோ போய்விடும் மனசு அது. அப்போது மட்டும் கனவு ஒன்றும் வரவில்லை. பந்து வந்தது. மணிச் சத்தம் தரையோடு தரையாக நெருங்கி வர, ஐம்பது வயதுப் பெண்மணி பக்கவாட்டில் சரிந்து விழுந்தார். பந்து சுட்ட கையிலேயே மோதியது. "அம்மா!" என்று கத்தினாரே தவிர விடவில்லை.

"சூப்பர் மேடம்!" என்று சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு கூவினாள் அஜிதா.

"எழுந்திருங்க மேடம், ஆளுக பாக்கறாங்க" என்றார் கேசவ், பதறிப்போய்.

"பாக்கட்டும். எனக்கொண்ணும் தெரியலையே" என்றார் சூடாமணி. எழுந்து உட்கார்ந்தார். கொண்டை அவிழ்ந்திருந்தது, பந்து மடியில் இருந்தது. கண்மூடியைக் கழற்றவில்லை. கேசவின் குரல் வந்த திசையில் வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டார்.

"ஃபைலைக் கொண்டுவாங்கோ சார். நான் பொம்மைன்னு எழுதின வரி எதுவோ, அங்கே இந்த விரலைப் பிடிச்சு வையுங்கோ. அடிச்சுடறேன்."