தவக்காலத்தில் ஒலித்த அல்லேலூயா

எங்கள் ஊர்க் கோயிலில் விடியற்காலை மணி அடித்து முடித்ததும் மைக்செட்டில் ஒரு பாட்டு போடுவார்கள். என் கணவர் பாடிய பாட்டு. அவர் இறந்து பல மாதங்கள் கழிந்த பிறகும் அதையேதான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இண்டூர்ப் பக்கம் சாமந்தியும் குச்சிக்கிழங்கும் போடுகிற சின்ன ஊர் எங்களுடையது. கிறிஸ்தவ வீடுகள் எல்லாம் கோயிலைச் சுற்றி இருக்கும். கோபுரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் நேராக எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஊரில் அதற்கு வேறு திசையே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டதும் அவர்தான். ஒரு திருவிழாவுக்கு முன்னால் பாடகர் குழுவோடு சேர்ந்து கோயிலுக்குள்ளேயே செல்போனில் பதிவு செய்தார்கள். அடிகளை அவர் பாடுவார், ஒவ்வொரு அடிக்கும் குழு 'அல்லேலூயா' என்று பதில் பாடும். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் உன்னைப் புகழ்வதை நிறுத்தமாட்டேன் என்பதுதான் பாட்டின் சாரம். அப்படிப் பாடியவரைத்தான் பென்னாகரம் ரோட்டில் ஒரு லாரி அடித்துப் போட்டது.

பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது அடிக்கு முன்னால் அவர் மூச்சு வாங்குவார். மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு பாடும் பழக்கம் அவருக்கு, அதனால் அது தெளிவாகக் கேட்கும். செத்துப்போன மனிதர் தினமும் விடியற்காலையில் என் ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்கினார். நான் அரிசி களைந்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகவே நிற்பேன். வந்ததும் முதுகு சில்லிடும். பிறகுதான் தண்ணீரைக் கொட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர், துன்பத்திலும் ஆண்டவரைத் துதிக்க வேண்டும் என்று பிரசங்கம் வைப்பார். சொல்கிறவருக்கு என்ன, பெண்டாட்டியா பிள்ளையா என்று எனக்குள் பொருமிக்கொள்வேன். பாட்டு வரும்போது வாயை மட்டும் அசைப்பேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகள் அப்படித்தான் செய்யும், நான் டீச்சர், எனக்குத் தெரியாதா.

பாட்டை நிறுத்தச் சொல்லலாம் என்றால் வீட்டில் என் மாமியார் இருந்தார். மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியை வாசற்படிக்கு இழுத்துப்போட்டு, கோயிலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பாட்டு முடிகிற வரைக்கும் ஒரு வாய் காபி குடிக்கமாட்டார். ஒரே மகன். என்னால் கேட்கமுடியாத அந்தப் பாட்டுக்காகத்தான் அவர் விடிவதற்கே காத்திருந்தார்.

அவருக்குத் தெரியாமல் எதையும் செய்ய எனக்கு மனமில்லை. ஒருநாள் பட்டென்று சொல்லிவிட்டேன்.

"அத்தை, அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லி ஃபாதர்கிட்ட கேக்கப் போறேன். என்னால முடியலீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கேளு கண்ணு," என்றார். அவ்வளவுதான். ஏன் என்று கேட்டுச் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஃபாதர் காதுகொடுத்துக் கேட்டார். அந்த வாரமே சாம்பல் புதன் வருகிறது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குகிறது என்றார். தவக்காலம் முடிகிற வரைக்கும் எங்கள் கோயிலில் அல்லேலூயா கிடையாது. மகிழ்ச்சிக்கான அந்த வார்த்தையையே சொல்லமாட்டோம், விடியற்காலையில் மைக்செட்டும் போடமாட்டோம், மணி மட்டுந்தான். "ஈஸ்டர் வரைக்கும் எப்படியும் பாட்டு இல்லீங்க டீச்சர். அதுக்கப்புறமும் வேணாம்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, எடுத்துடறேன்," என்றார்.

சாம்பல் புதனன்று காலை மணி அடித்து ஓய்ந்தது. பாட்டு வரவில்லை. நான் அரிசியைக் களைந்துகொண்டு நின்றேன். மூன்றாவது அடி வருகிற நேரம் என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. முதுகு சில்லிட்டது. பாட்டே இல்லாமல் அந்த மூச்சு மட்டும் வந்துபோனது. அப்போதுதான் நான் உண்மையாகவே பயந்தேன்.

வாசலில் அத்தை வழக்கம்போல நாற்காலி போட்டு, ஒன்றும் ஒலிக்காத கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படித்தான். பக்கத்து நிலத்துக்காரர், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பத்துப் பெரியவர், பஸ்ஸுக்கு நின்றிருந்த என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "ஏங்க டீச்சர், இப்பல்லாம் உங்க வூட்டுக்காரரு பாட்டு போடறதில்லீங்களா? அது கேட்டாதான் எழுந்து மோட்டார் போடுவன். இப்ப தெனமும் லேட்டாவுது." பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

தவக்காலத்தின் கடைசி வெள்ளிக்கிழமைகளில் ஒன்றில் அந்தத் தப்பு நடந்தது. சாயங்காலம் கரட்டுக் குன்றின் மேலே சிலுவைப்பாதை ஜெபம் வைத்திருந்தார்கள். அதற்கு மைக்செட் வேலை செய்கிறதா என்று பார்க்க, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை காலையிலேயே பழைய பென்டிரைவைச் சொருகிவிட்டார். ஆம்ப்ளிஃபயர் சூடாகச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் கதவைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஊர் முழுக்க அல்லேலூயா கிளம்பியது. தெருவில் கதவுகள் திறந்தன. "தவக்காலத்துல அல்லேலூயாவா? ஐயோ, யாராச்சும் போயி நிறுத்துங்களேன்," என்று ஒரு பெண் கத்தினாள். சாவி டீக்கடையில் இருந்தது. பாட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வாரம் கழித்துக் கேட்கிறேன், மூச்சுக்கு முன்னால் என்ன வருகிறது என்று காது தானாகத் தேடியது. அவர் இரண்டாவது அடியை முடிக்கிறார். குழு பதில் பாடுகிறது. அதில் ஒரு பெண் குரல் மற்ற எல்லாரையும் தாண்டி மேலே போகிறது. கொஞ்சம் திமிர் பிடித்த குரல். இவள் யார், இப்படி ஒரு கவலையும் இல்லாமல் பாடுகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

நான்தான் அது. அவருக்குப் பக்கத்தில் நின்று பாடியது நான்தான். தவக்காலம் வரைக்கும் அத்தனை மாதம் தினமும் கேட்டிருக்கிறேன், அவருடைய மூச்சுக்காகக் காத்திருந்ததில் அவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவரையாவது கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தோம், சிலுவை நட்டோம். அவள் போனதை யாரும் பார்க்கவில்லை.

சிலுவைப்பாதை முடிந்ததும் ஃபாதர் கோயில்பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயில்பிள்ளை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "தெரியாம நடந்துபோச்சிங்க டீச்சர், மனசு நொந்துக்காதீங்க," என்றார்.

ஃபாதர் மெதுவாகக் கேட்டார். "ஈஸ்டர் அன்னிக்கு அந்தப் பாட்ட எடுத்துடட்டுங்களா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் ஃபாதரிடம்தான் பேசினார். "அவ என்ன சொல்றாளோ அப்பிடியே செய்ங்க சாமி. அதுல அவ கொரலும் இருக்குதில்லீங்களா."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு அத்தையிடம் வந்தேன். "அதுல என் கொரல் இருக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எம்மவன் செத்துட்டான், அது எனக்குத் தெரியும் கண்ணு. மண்ணு போட்டது நாந்தான? பாட்டுல அவன் வந்துருவான்னா உக்காந்துருந்தன்?" அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ இந்த வூட்ல பாடிக்கிட்டே வேல செய்வ. இப்ப நீ இருக்கறதே தெரியல. நீ பாடறத நான் வேற எங்க போயி கேக்கறது?"

அவர் மகனைத் தேடி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துத்தான் நான் அத்தனை மாதமும் அவர்மீது பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஃபாதருக்கு மறுநாள் போன் செய்து, போடுங்கள் என்று சொன்னேன். கடவுள்மீது இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கணக்கு எனக்கும் ஆண்டவருக்கும் இன்னும் இருக்கிறது. ஆனால் கோபத்தோடும் ஒருவரை நோக்கிப் பாடலாம் என்று அப்போது தோன்றியது. என் கணவரிடம் சண்டை போட்ட நாட்களிலும் அவருக்குப் பக்கத்தில் நின்றுதான் பாடியிருக்கிறேன்.

ஈஸ்டர் காலையில் மணி அடித்தது. அத்தை வாசலில், நான் அடுப்படியில். பாட்டு வந்தது. முதல் அடி, இரண்டாவது அடி. பிறகு அவர் மூச்சு வாங்கினார். அதே நேரத்தில் நானும் வாங்கினேன். அவர் அடியைப் பாடி முடித்ததும் வாயைத் திறந்தேன். குரல் கரகரத்து, சுருதி கீழே இறங்கிக் கிடந்தது. ஒலிபெருக்கியில் இருந்தவள் எனக்காக நிற்கவில்லை, மேலே மேலே போனாள். நான் பின்னால் தட்டுத்தடுமாறிப் பாடினேன்.

வாசலில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அத்தை கோயிலுக்கு முதுகைக் காட்டி, சமையலறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.