கை மட்டும் போகிற இடம்

அவருக்குப் பூனை என்று பட்டப்பெயர் வைத்தது யாரென்று அவருக்கே மறந்துவிட்டது. வைத்த காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். தலை நுழைந்த இடத்தில் பூனையின் உடம்பு நுழைந்துவிடும் என்பார்கள். இவருக்கு விரல் நுழைந்துவிட்டால் போதும், வேலை முடிந்த மாதிரி. இன்ஜினுக்கு அடியிலும் பின்னாலும், கண் எட்டாத சந்துபொந்துகளில் எல்லாம், முப்பத்தோரு வருஷமாக அவருடைய கை போய்வந்திருக்கிறது. போல்ட்டின் தலையைத் தடவியே அது பத்தாம் நம்பரா பன்னிரண்டா என்று சொல்வார். அடுத்த தெருப் பட்டறைக்காரர்கள்கூட, ஆகாத வேலை வந்தால், "பூனைகிட்ட அனுப்பிடு" என்று தள்ளிவிடுவார்கள்.

அந்தக் கையிலிருந்து நான்கு மாதமாகச் சேதி வருவது நின்றுபோயிருந்தது. முதலில் விரல்நுனி. அதிக நேரம் குளிர்ந்த தண்ணீரில் வைத்த மாதிரி இருந்தது. பிறகு இரண்டாவது கணு வரை. ஸ்பேனரைப் பிடிக்கலாம், திருப்பலாம், பலம் எல்லாம் இருக்கிறது. ஆனால் பிடித்திருப்பது ஸ்பேனரா விளக்குமாறா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பது வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். காரணம் எதுவாக இருக்கும் என்று யூகிக்கத் தெரியாதவர் அல்ல. பயப்பட வேண்டிய விஷயம் என்பதும் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. காலையில் எழுந்தார், பட்டறைக்குப் போனார், மாலையில் திரும்பினார், யாரிடமும் சொல்லவில்லை.

பட்டறையில் வேற்று ஆள் யாரும் கிடையாது. இவர், இவருடைய மச்சினன், மனைவி. மச்சினனுக்கு நாற்பத்திரண்டு வயது. கம்ப்யூட்டரைச் செருகி வண்டியின் குறையைப் படிப்பதும், ஓட்டிப் பார்ப்பதும், ஓயாமல் பேசுவதும் அவன் பங்கு. மனைவி முன்னறையில் உட்கார்ந்து போனை எடுப்பாள், உதிரிபாகங்களை வரவழைத்து அலமாரியில் அடுக்குவாள், இருவருக்கும் நடுவில் சண்டை வந்தால் இருவரையும் திட்டுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நர்ஸம்மா வந்தாள். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய் இருக்கிறவர்களுக்குப் புண் கட்டிவிடுவதும் ஊசி போடுவதும் அவள் வேலை. அவளுடைய டீசல் கார் வாசலில் நின்று இருமிக்கொண்டிருந்தது.

"இழுக்கவே மாட்டேங்குது அண்ணே. மேட்டுல ஏறுறதுக்குள்ள பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிச்சே கொல்றான். கண்ணாடியில பாத்தா ஒரே கரும்புகை. எனக்கே வெக்கமா இருக்கு."

"இதுக்கு முன்னாடி யாராவது இன்ஜின்ல கை வெச்சிருக்காங்களா?" என்றான் மச்சினன்.

"புதுசா வாங்கின வண்டி. ஆயில் மாத்துறதோட சரி, வேற யாரும் தொட்டதில்ல."

மச்சினன் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தான். ஈ.ஜி.ஆர். வால்வு என்றது அது. இன்ஜின் வெளியே விடுகிற புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிற கதவு அது. காற்று கெடாமல் இருக்க வைத்த ஏற்பாடு. நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு அதனால் தொந்தரவில்லை. இந்த அம்மாவோ மூன்று தெரு ஓட்டுவாள், நிறுத்துவாள், மறுபடி இரண்டு தெரு. இன்ஜின் சூடாவதற்குள் அணைந்துவிடும். புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அந்தக் கதவைத் தார் பூசினாற்போல் மூடிவிடும்.

"வீட்டை விட்டு வெளிய விடாம வளத்த பிள்ளை மாதிரிங்க இது. ஓடவிட்டாத்தான் நெஞ்சுல சளி கட்டாது" என்றான் மச்சினன். பிறகு இவர் பக்கம் திரும்பி, "மாமா, நான் கழட்டட்டுமா?" என்றான்.

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

பேட்டரி வயரை எடுத்தார். மேல் மூடியைக் கழற்றினார், காற்றுக் குழாயைத் தளர்த்தி ஒதுக்கினார். வால்வுக்கு மூன்று போல்ட். முன்னால் இருந்த இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. துரு இளக்குகிற மருந்தை அடித்துக் கொஞ்சம் ஊறவிட்டதும் முனகிக்கொண்டே வந்துவிட்டன. மூன்றாவது பின்பக்கம், இன்ஜினுக்கும் வண்டியின் உள்சுவருக்கும் நடுவில், கை மட்டும் போகிற இடத்தில். பழைய நாளாக இருந்தால் கையை விட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, மச்சினனுக்கு ஒரு வசவும் கொடுத்துக்கொண்டே ஐந்து நிமிஷத்தில் எடுத்திருப்பார். இப்போது கை உள்ளே போயிற்று. போனதோடு சரி.

மச்சினன் இன்னொரு வண்டியை ஓட்டிப்பார்க்க வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகு மேஜை இழுப்பறையின் அடியிலிருந்து, பல் டாக்டர் வைத்திருப்பதைப் போன்ற நீளக்காம்புக் கண்ணாடியை எடுத்தார். கண்ணாடி வைத்து வேலை செய்கிறவர்களை ஒரு காலத்தில், "மாப்பிள்ளை சீவி முடிச்சாச்சா?" என்று கேலி செய்தவர் அவர். கண்ணாடியில் இடது வலதாகத் தெரிந்தது. ஸ்பேனர் நான்கு முறை வழுக்கியது. அரைமணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. வால்வு கைக்கு வந்தபோது, கட்டைவிரல் போக வேண்டிய துவாரத்தில் பென்சில் போகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. மற்றதெல்லாம் கட்டிக் கரி. சுரண்டினார், மருந்தடித்துப் பிரஷ்ஷால் தேய்த்தார், துடைத்தார். கதவு சிக்காமல் திறந்து மூடியது.

மாட்டுவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. வால்வு உட்காருகிற பின்பக்கத்துக் குழாயின் முகத்தை ஆள்காட்டி விரலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, கரித்துணுக்கு ஏதும் நிற்கிறதா என்று விரல்தான் சொல்லும். கேஸ்கெட் என்பது புகை கசியாமல் இடையில் வைக்கிற, தாள் மாதிரி மெல்லிய தகடு. அதுவும் கரியும் ஒரே கறுப்பு. கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் பிரிந்து தெரியாது. பழைய கேஸ்கெட் வால்வோடு வரவில்லை என்பது அவர் மனதில் ஒருகணம் தட்டியது. கீழே தட்டில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தட்டைப் பார்க்கவில்லை.

விரலை விட்டு ஒரு சுற்று சுற்றினார். வழவழவென்று இருந்தது. நான்கு மாதமாக எல்லாமே வழவழவென்றுதான் இருந்தது. புதுக் கேஸ்கெட்டை வைத்து முடுக்கினார்.

சாயங்காலம் மச்சினன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "குதிரை மாதிரி போகுது மாமா" என்றான். நர்ஸம்மா சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனாள். அவர் கைகழுவப் போனார். தண்ணீர் சூடா குளிர்ச்சியா என்று முழங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை அதே கார் வாசலில் வந்து நின்றது. எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டிவந்திருந்தாள்.

"நல்லாத்தான் இழுக்குது அண்ணே. ஆனா உள்ள ஒரே புகை நாத்தம். ரெண்டு நாளா தலை வெடிக்குது. ஊசி போடப் போற வீட்டுல, முதல்ல எனக்கு ஒரு மாத்திரை குடுங்கன்னு கேக்கற நிலமை."

மச்சினன் பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தான். பின்பக்கத்திலிருந்து 'ச்சிக் ச்சிக்' என்று பல்லிடுக்கில் காற்று போகிற சத்தம். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் உள்சுவரில் விசிறி மாதிரி புதுக்கரி படிந்திருந்தது.

"இந்தப் புகையில கண்ணாடியை ஏத்திட்டு ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தீங்கன்னா, உங்களுக்கு வேற யாராவது ஊசி போட வேண்டி வந்திருக்கும்" என்றவன், முன்னறையைப் பார்த்துக் கத்தினான். "அக்கா! கேஸ்கெட் டூப்ளிகேட்டா?"

"நான் எடுத்ததுல டூப்ளிகேட் வந்ததே இல்லடா, கூடப் பொறந்த ஒண்ணைத் தவிர!" என்று பதில் வந்தது. பதிலோடு அவளும் வந்தாள்.

இன்ஜின் ஆறியதும் மச்சினனே கையை விட்டான். பூனை பக்கத்தில் நின்றார், தடுக்கவில்லை. பின்பக்கத்து போல்ட்டோடு அவன் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி, வால்வை எடுத்து, பிறகு குழாயின் முகத்தை நகத்தால் நெம்பினான். ஒரு தகடு வந்தது. அவன் முகம் மாறியது. மறுபடி நெம்பினான். இன்னொன்று வந்தது, கரியில் ஊறி, ஓரம் நசுங்கிப்போய்.

பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டால் இடுக்கில் புகை கசியும். தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் செய்கிற தப்பு அது. அதைச் செய்தவனை வருஷக்கணக்கில் கேலி செய்வார்கள். மச்சினன்தான் முதலில் சுதாரித்தான்.

"கம்பெனியிலயே ரெண்டா போட்டு அனுப்பியிருக்கான் போல. சில வண்டியில வரும்" என்றான், நர்ஸம்மாவைப் பார்த்து.

அது பச்சைப் பொய் என்று பட்டறை ஆட்கள் மூன்று பேருக்கும் தெரியும். நல்ல பொய். அதற்குள் நுழைந்துகொண்டால் போதும், பூனை பூனையாகவே இருந்துவிட்டுப் போகலாம். அவர் இரண்டு தகடுகளையும் பார்த்தார். பிறகு காருக்குள், ஓட்டுகிறவர் சீட்டுப் பக்கத்தில் கிடந்த மருந்துப் பையைப் பார்த்தார். வெட்கமோ வருத்தமோ வரும் என்று ஒரு கணம் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. எதுவும் வரவில்லை.

"இல்ல. ஒண்ணுதான் இருந்துச்சு. பழசை எடுக்காம மாட்டினது நான்" என்றார்.

"இருட்டு மூலை மாமா அது. யாருக்குத் தெரியும்…"

"இருட்டுனால இல்லடா. விரல்ல தெரியல. நாலு மாசமா."

மழை வரும் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். நர்ஸம்மா பையைத் திறந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து மெல்லிய திரியாகத் திரித்தாள். அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, கையைத் துடைத்து, உள்ளங்கையை மேலே திருப்பினாள்.

"கண்ணை மூடிக்கோங்க அண்ணே. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லுங்க."

அவர் மூடிக்கொண்டார். வாசலில் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் போல ஆயிற்று.

"தொடும்போது சொல்லும்மா" என்றார்.

"அஞ்சு விரலையும் தொட்டு முடிச்சுட்டேன் அண்ணே."

கண்ணைத் திறந்தபோது மனைவி எதிரே நின்றிருந்தாள். அழுவாளோ என்று பார்த்தார். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாலு மாசமா தெனம் காலையில சட்டைப் பொத்தானை என்னைப் போட்டுவிடச் சொன்னது இதுக்குத்தானா? நான் என்னமோ இந்த வயசுல மனுசனுக்கு ஆசை திரும்பியிருக்குன்னுல்ல நெனச்சேன்!"

மச்சினன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டான். நர்ஸம்மா திங்கட்கிழமை காலை எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது மாடி, யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதினாள். போன உணர்ச்சி திரும்ப வருமா என்று மனைவி கேட்டாள். "வராமலும் போகலாம்க்கா. இருக்கறது போகாம பாத்துக்கலாம்" என்றாள் அவள். காகிதத்தை அவரிடம் தராமல் மனைவியிடம் கொடுத்தாள்.

"திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன், அதுவரைக்கும் நீங்க எதுலயும் கை வைக்கக்கூடாது" என்றாள் மனைவி. அதற்கு அவர், "இவங்க வண்டி நடுவுல நிக்குதே" என்றார்.

வண்டி வாய்பிளந்துதான் நின்றது. நர்ஸம்மா பத்தரை மணிக்கு ஒரு வீட்டில் புண் கட்ட வேண்டும். மச்சினன் இன்ஜினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமல், "மாமா, கொஞ்சம் லைட்டு பிடிங்களேன்" என்றான். பட்டறையில் விளக்குப் பிடிப்பதைவிடச் சின்ன வேலை கிடையாது. அவர் எழுந்து போய் விளக்கை எடுத்தார்.

"அங்க இல்ல மாமா, என் காதுக்குள்ள அடிக்கிறீங்க. கீழ. இன்னும் கீழ."

கீழே இறக்கினார். மச்சினன் குழாயின் முகத்தைத் துணியால் துடைத்து விரலை விட்டான்.

"சுத்தமா இருக்கு."

"இன்னொரு சுத்து வா. மெதுவா. அடியில, ஆறு மணி இருக்கற இடத்துல. கரி அங்கதான் தங்கும்."

"இருங்க… ஆமா, பருக்கை மாதிரி ஒண்ணு நிக்குது."

"அதை எடு. சுரண்டாத, கீறல் விழுந்துடும். மருந்து போட்டு ஊறவெச்சு நகத்தால தள்ளு."

அவன் தள்ளிக்கொண்டிருந்தான். முன்னறையில் மனைவி புதுக் கேஸ்கெட்டுக்குப் போன் செய்து, அரைமணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தாள். அவர் விளக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிடி தளர்ந்தால் கைக்குத் தெரியாது என்பதால், மச்சினன் செய்கிற வேலையைப் பார்க்காமல், தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.