கிண்ணத்தில் ஆறு அட்டைகள்

கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் காலை. விருதுநகர் மிளகாய் மண்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். தாயில்பட்டியிலிருந்து அண்ணன் செல்போனில் கூப்பிட்டார். "ஏலே, ஒம் மதினி போயிட்டா. அடுப்படியில உக்காந்தவ எந்திரிக்கல." முந்திய நாள்வரை தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை அண்ணன் மனைவி, என் மதினி ஜெபமணி அவர்கள்.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அவருக்கு வேலை. அந்த வருடத்துக்கு ஆண்டவர் தரும் வாக்காகப் புத்தாண்டில் கிறிஸ்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளை, வேதவசனம் அச்சிட்ட அந்தச் சின்ன அட்டைகளை, எண்ணிக் கட்டுவார். நூறு என்றால் நூறுதான். சந்தேகப்பட்டு மறுபடி எண்ணியவர்கள் அசடு வழிந்ததுதான் மிச்சம்.

அண்ணனுக்குப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை. தீபாவளி சீசன் முடிந்து டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் துணியும் கேக்கும்தான் பேச்சு. மதினி வந்த வருடமே அதை மாற்றினார். மாலையானால் டிவி கிடையாது. ஜெபம், வேதவாசிப்பு, பிறகுதான் சோறு. புதுச் சட்டைக்காக நான் முணுமுணுத்தபோது, "பொறந்தது ஒங்க சட்டையா தம்பி, பாலகனா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டில் அட்டை எடுப்போம். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலமே ஏழு பேருக்கு ஏழு அட்டைகளைக் கிண்ணத்தில் போட்டு, துணியால் மூடி, ஜெபித்து அலமாரியில் வைத்துவிடுவார் மதினி. அப்புறம் யாரும் தொடக்கூடாது.

போன வருடப் புத்தாண்டில் அண்ணன் எடுத்த அட்டையில் எழுத்தே இல்லை. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு இயந்திரத்துக்குள் போனால் ஒன்றில் அச்சு விழாது. அப்படிப்பட்டதைப் பொறுக்கி எறிவதும் மதினியின் வேலைதான். அவர் கண்ணுக்கும் அது தப்பியிருக்கிறது. மருந்தோடு புழங்குகிறவர் கையில் வெற்று அட்டை! அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இந்த வருசம் வேலைக்குப் போவாத ராசா."

மதினி அதை வாங்கிக்கொண்டு தன் அட்டையை அண்ணன் கையில் வைத்தார். "என்ன அத்தை, இதுக்குப் போயி இப்பிடி உக்காந்துட்டீக? இது என்ன கிளி சோசியமா? எழுத்து இல்லாட்டி ஆண்டவர் இல்லாமப் போயிருவாரா? ஒங்க மகனுக்கு வசனம் வந்தாச்சு. இது எனக்கு." வெற்று அட்டையைத் தன் வேதாகமத்தில் செருகினார். எங்களுக்கு மூச்சு வந்தது. அவருக்கு என்ன ஆகும் என்று ஒருவருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஆலையில் மருந்துக் கலவை அறை தீப்பிடித்தது. அண்ணன் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம். உள்ளே யாரும் இல்லை. மதினி "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொன்னார்.

வேதாகமத்தை அவர் சவப்பெட்டிக்குள் வைத்தே அடக்கம் செய்தோம். வெற்று அட்டையும் அவரோடு போயிற்று. புத்தாண்டு வந்தது. இந்த வருடம் அட்டை வேண்டாம் என்றேன். "அவ ஜெபிச்சு வச்சது, எடுப்போம்" என்றார் அண்ணன். கிண்ணம் மூடியபடியே இருந்தது. அம்மா, அண்ணன், அவர் மகள், என் மனைவி, என் மகள் எடுத்தார்கள். மதினியின் அட்டை மிஞ்சுமே, அதை என்ன செய்வது என்று யோசித்தபடி நான் கடைசியாகக் கிண்ணத்துக்குள் கையை விட்டேன். மிஞ்சவில்லை. அடியைத் தடவினேன், துணியை உதறினேன். மொத்தமே ஆறுதான். ஆறிலும் எழுத்து இருந்தது.

சாவதற்கு மூன்று நாள் முன்பு, சிரித்துக்கொண்டே எங்களுக்குக் கேக் வெட்டிக் கொடுத்த அன்று, அவரே எண்ணி வைத்தது. "எண்ணிக்கை தவறியிருக்கும்" என்றாள் என் மனைவி. யாரும் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை.

அண்ணன் தன் அட்டையை வாசிக்கக்கூட இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போய், ஈரம் காயாத மண்ணில் அதைக் குத்தி வைத்தார். "போன வருசம் ஒன்னோடத எடுத்துக்கிட்டேன். இது ஒனக்கு."

இதை எழுதும் இந்த நேரத்தில் அண்ணன் கலவை அறையில் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் மதினி என்று வாய்வரை வருகிறது. கேட்டால் திட்டுவீர்கள், செத்தவளிடம் என்ன வேண்டுதல் என்று. அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டு, யாரும் ஜெபத்துக்குக் கூப்பிடாமலே முழங்காலில் நிற்கப்போகிறேன், சாயங்காலம் அண்ணன் வீடு திரும்பும்வரை. போய் வாருங்கள் மதினி.